தேதி சொல்லுங்க

அப்போதெல்லாம் எங்கள் வீட்டில் ரிமோட்டுக்கு ஷிஃப்ட் இருந்தது. செய்தி முடியும்வரை வீட்டுக்காரர் கையில். அதற்குப் பிறகு மாமியார் கையில். நடுவில் விளம்பரம் ஓடும்போது மட்டும் எனக்கு. அடுப்பில் குழம்பு கொதிக்கும் நேரமும் அதுதான் என்பதால் நான் அதிகம் அனுபவித்ததில்லை.

2018 ஏப்ரல் மாதத்து மாலை ஒன்று இன்னும் மனதில் நிற்கிறது. மன்னார்குடிப் பக்கம் எங்களுக்குப் பன்னிரண்டு மா நிலம். அந்த ஏப்ரலில் அது வெடித்துக் கிடந்தது. ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறந்து பல வருடம் ஆகியிருந்தது. குறுவைப் பயிர் என்ற சொல்லையே என் மகள் பாடப்புத்தகத்தில்தான் பார்த்திருப்பாள்.

செய்தியில் காவிரி. பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி, தண்ணீரைப் பங்கிட ஆறு வாரத்துக்குள் ‘ஸ்கீம்’ அமைக்கச் சொன்னது. மார்ச் 29-உடன் கெடு முடிந்தது. அதற்கப்புறம் மத்திய அரசு கோர்ட்டுக்குப் போய், ஸ்கீம் என்றால் என்ன என்று விளக்கம் கேட்டது. கர்நாடகத்தில் தேர்தல் வருகிறது, மூன்று மாதம் அவகாசம் வேண்டும் என்றும் கேட்டது. நடுவர் மன்றம் சொன்ன 192 டிஎம்சி, தீர்ப்பில் 177.25 ஆகிவிட்டது என்று புலம்பிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், “சரி, அதையாவது எப்பக் குடுப்பன்னு சொல்லு” என்று டிவியைப் பார்த்துக் கேட்டார். டிவியில் நாலு கட்டத்தில் நாலு பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள். இவர் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. காவிரிப் போராட்டம் என்றதும், சேப்பாக்கத்தில் ஒரு ஐபிஎல் ஆட்டம் முடிந்ததுமே கிரிக்கெட்டைப் புனேவுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அதற்கு ஒரு நாள் தாமதம் ஆகவில்லை.

அப்புறம் ரிமோட் கைமாறியது. கலர்ஸ் தமிழில் ‘எங்க வீட்டு மாப்பிள்ளை’, கடைசி நாள். நடிகர் ஆர்யாவுக்குப் பெண் தேடும் நிகழ்ச்சி. ஜெய்ப்பூர் அரண்மனையில் 16 பெண்களோடு தொடங்கி, ஒவ்வொருவராக வெளியேறி, மூன்று பேர் மிஞ்சியிருந்தார்கள். இந்த மாதிரிக்கு மூலம் 2002-இல் அமெரிக்காவில் வந்த ‘தி பேச்சிலர்’. 2009-இல் இந்தியில் ராக்கி சாவந்த் சுயம்வரமே நடத்தினார். நிச்சயம் ஆனது, கல்யாணம் ஆகவில்லை.

இது பண்பாட்டுக்கு ஆகாது என்று அப்போது நிறையப் பேர் பேசினார்கள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. என்னை மூன்று தடவை பெண் பார்த்தார்கள். பாய் விரித்து, பஜ்ஜி சொஜ்ஜி வைத்து, நடக்கச் சொல்லிப் பார்த்து, ஒரு தடவை கூந்தல் சொந்த முடிதானா என்று ஒரு அம்மா தொட்டும் பார்த்தார். கேமரா இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். இரண்டாவதாக வந்தவர்கள் திருத்துறைப்பூண்டிக்காரர்கள். “ஊருக்குப் போய் லெட்டர் போடுறோம்” என்று வெற்றிலை மடித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார்கள். நான் ஐந்து மாதம் தபால்காரர் சைக்கிள் மணிக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தேன். அவர் ரொம்ப நல்லவர். எங்கள் வீட்டுக்கு ஒன்றும் இல்லாத நாளில் தெருமுனையிலேயே மணி அடிக்காமல் திரும்பிவிடுவார். வேண்டாம் என்று ஒரு கார்டு போட்டிருந்தால் பதினைந்து பைசா செலவு.

அதனால் அன்று அந்த மூன்று பெண்களையும் நான் வேறு மாதிரி பார்த்தேன். ஆர்யா எழுந்து, ஒருத்தரைச் சொன்னால் மற்ற இருவர் மனம் நோகும், தனக்கு இன்னும் டைம் வேண்டும் என்கிற மாதிரிச் சொன்னார். ஒருத்தரையும் தேர்ந்தெடுக்கவில்லை. மாமியார் வெற்றிலை மெல்வதை நிறுத்தினார்.

“என்னடி சொல்றான்?”

“டைம் வேணுமாம் அத்தே.”

“இப்பத்தானே ஒருத்தன் தண்ணிக்கு டைம் கேட்டான். இவன் பொண்ணுக்கா?”

வீட்டுக்காரர் சிரித்தார். அந்த வருடம் அவர் சிரித்ததை நான் பார்த்தது குறைவு.

அந்த நிகழ்ச்சிக்குப் பெண்கள் போனது தப்பு என்று நான் சொல்லமாட்டேன். அந்தப் பதினாறு பேரில் ஒருவர், அபர்ணதி, பிறகு வசந்தபாலனின் ‘ஜெயில்’ படத்தில் கதாநாயகி ஆனார். அவரவர் கணக்கு அவரவருக்கு. ஆர்யாவும் மறு வருடம் மார்ச்சில் சாயிஷாவைக் கல்யாணம் செய்துகொண்டார், நன்றாக இருக்கட்டும். பிடிக்கவில்லை என்று சொல்ல எந்த ஆணுக்கும் உரிமை உண்டு. அதை நேராகச் சொல்லாமல் ‘டைம்’ என்று பெயர் வைப்பதுதான் எனக்கு ஆகாது. காத்திருப்பவருக்கு அவகாசம் என்பதற்கு வேறு பொருள். எங்களுக்கு அது நாற்றங்கால் விடுவதா வேண்டாமா, விதைநெல்லை விற்றுவிடலாமா என்கிற கேள்வி.

அந்த ஸ்கீமின்படி காவிரி ஆணையம் ஒருவழியாக ஜூன் 1 அன்று அரசிதழில் வந்தது. மேட்டூர் ஜூலை 19-இல் திறந்தது. கர்நாடகத்தில் மழை கொட்டி அவர்கள் அணைகள் நிரம்பியதால் வந்த தண்ணீர் அது. மழை யாரிடமும் அவகாசம் கேட்கவில்லை.

மாமியார் இப்போது இல்லை. செய்தியில் நாலு கட்டங்கள் எட்டாகியிருக்கின்றன. போன மாதம் என் மகளைப் பார்க்க வந்தவர்கள், காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “கலந்து பேசிட்டுச் சொல்றோம்” என்றார்கள். வீட்டுக்காரர் தலையாட்டத் தயாராகிவிட்டார். நான் முந்திக்கொண்டு, “எந்தத் தேதிக்குள்ள?” என்று கேட்டேன். மாப்பிள்ளையின் அப்பா ஒரு நிமிடம் திகைத்து, சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்து, வெள்ளிக்கிழமை என்றார்.

வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கே போன் வந்தது. வேண்டாமாம். மகள், “பரவாயில்லம்மா, டீசன்ட்டான ஆளுங்க” என்று சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று ஓடினாள்.