மே மாதம் சாவி யாரிடம்?

பள்ளி வளாகங்களில் தேனீப் பெட்டி வைப்பது குறித்து ஒரு மாவட்டத்தின் கல்வி அலுவலகம் தலைமையாசிரியர்களுக்கு அனுப்பிய சுற்றறிக்கை, வாசகர்கள் பலரது கைவழியாக நம் மேசைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. இதழின் நிலைப்பாடு என்ன என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஏழு விதிகளில் ஆறை ஏற்கிறோம். கடைசி விதியை ஏற்கவில்லை.

ஏற்பவை பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. பெட்டியின் வாசல் வகுப்பறைப் பக்கம் பார்க்கக் கூடாது. பறக்கும் பாதைக்குக் குறுக்கே ஆளுயரத்துக்குச் செடிவேலி வேண்டும். கொட்டினால் ஒவ்வாமை வரக்கூடிய பிள்ளைகளின் பட்டியல் அலுவலகத்தில் இருக்க வேண்டும். இடைவேளையில் பெட்டியைத் திறக்கக் கூடாது. நம்மில் ஒழுங்காக வேலை செய்கிறவர்கள் யாரும் சொல்லாமலே செய்பவைதான் இவை. மாடித் தொட்டியின் அடியில் தொங்கும் மலைத்தேனீயையும் முருங்கை நிழலில் பெட்டியில் இருக்கும் இந்தியத் தேனீயையும் பிரித்தறியாமல் எழுதியிருக்கிறார்கள். எழுதியவர் பெட்டியைத் திறந்து பார்த்தவர் இல்லை என்பது தெரிகிறது. போகட்டும்.

ஏழாவது விதி, விடுமுறை நாட்களில் பள்ளிப் பணியாளர் அல்லாத எவரையும் பெட்டி இருக்கும் பகுதிக்குள் விடக் கூடாது என்கிறது. முதல் வாசிப்பில் நியாயமாகத்தான் படும். பிள்ளைகளின் பாதுகாப்பு என்ற சொல்லை எதிர்த்து யாரும் பேச மாட்டார்கள். ஆனால் அந்த நாட்களில் வளாகத்தில் பிள்ளைகளே இல்லை. இருப்பது தேனீ மட்டும்.

பள்ளியின் நாட்காட்டியும் தேனீயின் நாட்காட்டியும் ஒத்துப்போவதே இல்லை. குமரி மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம். ரப்பர் தளிர்த்துத் தேன் வரத்து உச்சத்தில் இருக்கும்போது பிள்ளைகள் தேர்வு எழுதுகிறார்கள். தேன் எடுப்பதைப் பார்க்கக்கூட நேரமில்லை. வரத்து அடங்கியதும் மே விடுமுறை. பள்ளி திறக்கும் நேரத்தில் தென்மேற்குப் பருவமழை பிடித்து, பஞ்ச காலம் தொடங்கிவிடுகிறது. அரையாண்டு விடுமுறையோ கூட்டம் பெருகும் பருவத்தில் வருகிறது. ராணி அறைகளைப் பார்த்து நீக்கவோ கூட்டத்தைப் பிரிக்கவோ வேண்டிய வாரத்தில் கதவு பூட்டிக் கிடக்கும். இந்தியத் தேனீயின் குணம் உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தீனி குறைந்து, தாங்கிக் கிண்ணத்தில் தண்ணீர் வற்றி எறும்பு ஏறி, அடையில் மெழுகுப்பூச்சி வலை பின்னினால் அது மனு எழுதிக் கொடுத்துக் காத்திருக்காது. ஜூனில் வரும் ஆசிரியர் வெறும் பெட்டியைத்தான் பார்ப்பார்.

பள்ளியில் கூட்டம் நிலைத்த இடங்களை நினைத்துப் பாருங்கள். எல்லாவற்றின் பின்னாலும் ஊர் இருக்கிறது. காலையில் பால்வெட்டுக்குப் போகும் வழியில் சர்க்கரைப் பாகு ஊற்றிவிட்டுப் போகிறவர், மகளிர் குழுவில் பெட்டி வைத்துப் பழகிய ஓர் அக்கா, ஓய்வு பெற்ற தபால்காரர். விடுமுறையில் பள்ளிக் கதவின் சாவி இவர்களில் ஒருவரிடம் இருக்கும். 1920-களில் மார்த்தாண்டத்தில் ஸ்பென்சர் ஹாட்ச் நடத்திய கிராமப் புனரமைப்பு மையத்திலிருந்து பெட்டி வளர்ப்பு சுற்று வட்டாரத்துக்குப் பரவியதும் அக்கம்பக்கத்தார் கையால்தான். அதற்கு முன்பே, திருச்சியில் பாதிரியார் நியூட்டன் நம் தேனீயின் அளவுக்குப் பெட்டி செய்தபோது, கிராமத்து ஆட்களுக்குப் பயிற்சியும் சேர்த்தே கொடுத்தார்.

சட்டமும் ஊரை வெளியே நிறுத்தவில்லை. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு சொல்லும் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்கள். பள்ளியின் வளர்ச்சித் திட்டத்தை வகுக்கவும் மானியச் செலவைக் கண்காணிக்கவும் தகுதி உள்ளவர்கள், மே மாதத்தில் ஒரு கிண்ணம் பாகு வைக்கத் தகுதியற்ற அந்நியர்கள் ஆகிவிடுகிறார்களா?

இந்த ஒரு விதிக்கு இவ்வளவு கோபமா என்று கேட்பவர்களுக்கு: இது ஒரு விதியின் மேல் வரும் கோபம் இல்லை. 2020-இல் தேசியத் தேனீ வளர்ப்பு மற்றும் தேன் இயக்கத்துக்கு 500 கோடி ரூபாய் அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ திட்டங்கள். மேடையில் பெட்டி கொடுப்பார்கள், புகைப்படம் எடுப்பார்கள், எத்தனை பெட்டி கொடுத்தோம் என்று அறிக்கை வரும். அடுத்த ஆண்டு அவற்றில் எத்தனையில் கூட்டம் இருந்தது என்று கேட்டால் பதில் வராது. கூட்டத்தை எண்ணுவதற்கு ஆள் இல்லை, படிவத்தில் அதற்குக் கட்டமும் இல்லை. 1991-92-இல் தாய் சாக்புரூட் வைரஸ் தென்னிந்தியாவைத் துடைத்தெடுத்தபோது பெட்டிகள் எங்கும் போகவில்லை, பரணில் பத்திரமாக இருந்தன. போனவை கூட்டங்கள். முப்பது ஆண்டுகள் கழித்தும் அலுவலகங்களின் கணக்கில் தேனீ வளர்ப்பு என்றால் மரப்பெட்டி. மரப்பெட்டிக்குத் தீனி வேண்டாம், பூட்டு போதும். ஏழாவது விதியை எழுதியவருக்குப் பூட்டு தோன்றியதில் வியப்பில்லை.

நாம் கேட்பது பெரிதல்ல. தலைமையாசிரியரும் மேலாண்மைக் குழுவும் சேர்ந்து பயிற்சி பெற்ற இரண்டு பராமரிப்பாளர்களைத் தீர்மானம் போட்டு நியமிக்கட்டும். அவர்கள் பெயர் பள்ளிப் பலகையில் இருக்கட்டும். விடுமுறையில் வாரம் ஒருமுறை வந்து போனதற்குப் பதிவேட்டில் கையெழுத்துப் போடட்டும். ஏழாவது விதியின் இடத்தில் இதை வைத்தால் சுற்றறிக்கை முழுவதையும் இந்த இதழ் வரவேற்கும்.

பள்ளியில் பெட்டி வைத்திருக்கும் வாசகர்கள் ஒன்று செய்ய வேண்டும். ஏப்ரல் கடைசியில் எத்தனை கூட்டம், ஜூனில் பள்ளி திறந்தபோது எத்தனை, இடையில் சாவி யாரிடம் இருந்தது என்ற மூன்றையும் ஓர் அஞ்சலட்டையில் எழுதி அனுப்புங்கள். கூட்டம் ஓடிப்போன பள்ளிகளும் மறைக்காமல் எழுத வேண்டும். வந்தவற்றைத் தொகுத்து, சுற்றறிக்கை அனுப்பிய அலுவலகத்துக்கு நாமே நேரில் கொண்டுபோய்க் கொடுக்கிறோம்.