ட்ரைபாட் மேல பழி போடாதீங்க மக்களே!

படம் ஆடிப்போச்சுன்னா உடனே "ட்ரைபாட் சரியில்லை" என்று தீர்ப்பு எழுதுவது நம்ம ஆட்களுக்கு ஒரு வியாதியாகவே ஆகிவிட்டது. தீர்ப்பு எழுதிய கையோடு கார்பன் ஃபைபர் கால் வைத்தது என்ன விலை என்று தேட ஆரம்பித்துவிடுகிறார்கள். என் வகுப்பு நண்பன் ஒருவன் சனி, ஞாயிறுகளில் கல்யாண வரவேற்புகளுக்குப் படம் எடுத்து, அதில்தான் செமஸ்டர் ஃபீஸ் கட்டுகிறான். போன மாதம் குரூப் போட்டோ எல்லாம் கலங்கலாக இருக்கிறது என்று பாக்கிப் பணத்தைப் பிடித்துக்கொண்டார்கள். இப்போது மாதத் தவணையில் 25,000 ரூபாய்க்கு ட்ரைபாட் வாங்கியே தீருவேன் என்று நிற்கிறான்.

பி.காம் படிக்கிறவனுக்கு கேமராவில் என்னடா கருத்து என்று கேட்காதீர்கள். எந்தச் செலவு எந்த நஷ்டத்தைத் தடுக்கும் என்று பார்க்காமல் முதல் போடக்கூடாது, அவ்வளவுதான் என் கருத்து.

அவன் எடுத்த படங்களை லேப்டாப்பில் பெரிதாக்கிப் பார்த்தோம். மேடைக்குப் பின்னால் தொங்கிய சீரியல் பல்புகள் ஒவ்வொன்றும் அழகாகப் புள்ளி புள்ளியாக இருக்கின்றன. மாப்பிள்ளையின் தம்பியும் இரண்டு வாண்டுகளும்தான் இழுபட்டிருக்கிறார்கள். ஷட்டர் வேகம் 1/15 நொடி. கேமரா ஆடியிருந்தால் பல்பும் சேர்ந்து கோடாகவோ புழு மாதிரியோ நெளிந்திருக்கும். ஃபோகஸ் தப்பியிருந்தால் பல்புகள் வட்டமாக ஊதியிருக்கும், இல்லையென்றால் வேறு ஏதோ தூரத்தில் இருக்கும் பொருள் கூர்மையாக விழுந்திருக்கும். பல்பு சுத்தம், ஆள் மட்டும் கலங்கல் என்றால் ஆள்தான் அசைந்திருக்கிறார். ட்ரைபாட் தன் வேலையை ஒழுங்காகச் செய்துவிட்டது. வாண்டுகளைப் பிடித்து நிறுத்துவது அதன் வேலை இல்லையே! ஐ.எஸ்.ஓ.வை ஏற்றி 1/125க்குப் போயிருந்தால், அல்லது ஃப்ளாஷ் போட்டிருந்தால், பாக்கிப் பணம் கைக்கு வந்திருக்கும்.

சரி, பல்பும் சேர்ந்து ஆடியிருக்கிறது, அப்போது? அப்போதும் முதல் சந்தேகம் நம் விரல் மேல்தான் வரவேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு. 36 மில்லிமீட்டர் அகல சென்சாரில் 6,000 பிக்சல் என்றால் ஒரு பிக்சல் 0.006 மில்லிமீட்டர். 200 மி.மீ. லென்ஸ் போட்டிருக்கிறீர்கள், அது ஒரு 20 செ.மீ. நீளம் என்று வைத்துக்கொள்வோம். லென்ஸின் மூக்கு 0.006 மி.மீ. இறங்கினால் போதும், படம் ஒரு பிக்சல் நகர்ந்துவிடும். தலைமுடியின் கனம் ஏறக்குறைய 0.07 மி.மீ. அந்த அளவு ஆடினால் பத்துப் பிக்சலுக்கு மேல் காலி. ஷட்டர் பட்டனை அழுத்தும் விரல் இதைவிட அதிகமாகவே ஆட்டும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ட்ரைபாடும் இதைத் தடுக்காது. டைமர் தடுக்கும், அதுவும் இலவசமாக. லேசான ட்ரைபாடாக இருந்தால் 2 நொடி டைமர் போதாது, 10 வையுங்கள்.

டி.எஸ்.எல்.ஆர் என்றால் உள்ளே கண்ணாடி வேறு "டப்"பென்று எகிறும். லைவ் வியூவில் வைத்து எடுத்தால் கண்ணாடி ஏற்கெனவே மேலே ஏறியிருக்கும், பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்தது. மிரர் லாக் அப், எக்ஸ்போஷர் டிலே என்று மெனுவில் ஏதாவது இருந்தால் அதுவும் இதற்குத்தான். மிரர்லெஸ் வைத்திருப்பவர்கள் சிரிக்க வேண்டாம், உங்களுக்கும் ஷட்டர் திரை அடிக்கும் அடி உண்டு.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று. நொடி கூடக்கூட ஆட்டமும் கூடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கையில் பிடித்து எடுத்தால் சரி. ட்ரைபாடில் அப்படி இல்லை. 1/500 நொடியில் கேமரா ஆட நேரமே கிடையாது. 20 நொடி திறந்து வைத்தால் முதல் அரை நொடி ஆட்டம் மொத்த வெளிச்சத்தில் சொற்பம், கண்ணுக்கே தெரியாது. மாட்டுவது நடுவில் இருப்பவர்கள், சுமாராக 1/60லிருந்து 1 நொடி வரை. அதனால் சாயங்கால நேரத்தில் 1/8 வருகிறது என்றால் ஐ.எஸ்.ஓ.வை ஏற்றி மேலே ஓடுங்கள், இல்லை குறைத்துக் கீழே ஓடுங்கள். நடுவில் நிற்காதீர்கள்.

மெரினாவில் விடியற்காலை அலை எடுப்பவர்களுக்குத் தனி அவஸ்தை. ஈர மணலில் ஒவ்வொரு அலை திரும்பும்போதும் கால் கொஞ்சம் புதையும். 5 நொடி எக்ஸ்போஷரில் அது போதும் படத்தைக் கெடுக்க. முதலிலேயே கால்களை அழுத்தி, இனி இறங்காது என்கிற வரை புதைத்துவிட வேண்டும். காற்றுக்குப் பையை நடுத்தண்டில் தொங்கவிடச் சொல்வார்கள். தொங்கும் பை ஊஞ்சலாடினால் அதுவே ஆட்டும், பை தரையைத் தொட்டபடி இருக்கட்டும். கேமரா வாரையும் கழற்றிவிடுங்கள், அது காற்றில் பாய்மரம் மாதிரி. அந்த நடுத்தண்டை உயர்த்துவதைப் பற்றி என் கருத்து கொஞ்சம் கடுமையானது: மூன்று காலுக்குக் காசு கொடுத்துவிட்டு ஒற்றைக் காலில் நிறுத்துகிற வேலை. தடித்த பகுதிகளை முதலில் நீட்டுங்கள், ஒல்லிக் காலைக் கடைசியாக. குனிந்து எடுத்தால் முதுகு வலிக்கும்தான், படம் ஆடாது.

மேம்பாலத்தில் வண்டி விளக்குக் கோடுகள் எடுக்கிறீர்களா? லாரி ஏறினால் பாலமே அதிரும், எந்த ட்ரைபாடும் என்ன செய்யும்? லென்ஸுக்கு முன்னால் ஒரு கறுப்பு அட்டையை ஒட்டாமல் பிடித்துக்கொண்டு ஷட்டரைத் திறந்து, அதிர்வு அடங்கியதும் அட்டையை எடுங்கள். லாரி வந்தால் மறுபடி மறையுங்கள். அந்தக் காலத்தில் போட்டோக்காரர்கள் லென்ஸ் மூடியையே ஷட்டராக வைத்து எடுத்ததும் இதே வித்தைதான்.

லென்ஸில் ஸ்டெபிலைசேஷன் இருந்தால் ட்ரைபாடில் அணைத்துவிடுவது நல்லது. பழைய லென்ஸ்களில் சில, ஆடாத கேமராவில் தானே ஆட்டம் காட்டும். புதியவை பல, ட்ரைபாடைத் தாமே கண்டுபிடித்துக்கொள்கின்றன. கையேட்டைப் புரட்டினால் தெரியும் (யார் படிக்கிறா, ஹி ஹி).

நியாயமாகச் சொன்னால் ட்ரைபாடே குற்றவாளியாக இருப்பதும் உண்டு. பிளாஸ்டிக் தலை வைத்த ஆயிரம் ரூபாய் ட்ரைபாடில் 70-200 லென்ஸைத் தூக்கி வைத்தால் அது என்ன பாவம் செய்யும்? அப்போதும் கார்பன் ஃபைபருக்கு நாம் கொடுக்கும் கூடுதல் காசில் பெரும் பங்கு எடை குறைவதற்குத்தான். மலை ஏறுபவருக்கு அது லாபம். ஆட்டோவில் மண்டபத்துக்குப் போகிறவனுக்குக் கனமான பழைய அலுமினியம், செகண்ட் ஹேண்டில், தாராளமாகப் போதும்.

வாங்கியே ஆகவேண்டும் என்றால் கடைக்கு உங்கள் கேமராவையும் இருப்பதிலேயே நீளமான லென்ஸையும் எடுத்துப் போங்கள். ட்ரைபாடில் மாட்டி, லைவ் வியூவை 10 மடங்கு பெரிதாக்கி, எதிர்க்கடை போர்டில் ஓர் எழுத்தைப் பாருங்கள். காலை விரலால் லேசாகத் தட்டி, எழுத்து நிற்க எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணுங்கள். பிறகு வீட்டில் இருக்கும் பழையதிலும் இதையே செய்து பாருங்கள். ரசீது போடுவதை அதற்கு அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.