நாலாவது ஆள்

போன மாதம் ஆபீஸ் நண்பர் ஒருவரின் தங்கை நிச்சயதார்த்தத்துக்காக முள்ளுக்குறிச்சி போயிருந்தேன். தெரியாதவர்களுக்கு: நாமக்கல் மாவட்டம். ராசிபுரத்திலிருந்து நாமகிரிப்பேட்டை தாண்டிப் போனால், கொல்லிமலை பஸ்ஸின் முன் கண்ணாடியை அடைத்துக்கொண்டு நிற்கும். அந்த அடிவாரம். எழுபது கொண்டை ஊசி வளைவு என்று பயமுறுத்துகிறார்களே, அது காரவள்ளிப் பக்கத்து ரோடு. இது வேறு. (நான் இரண்டிலும் ஏறவில்லை. நிச்சயதார்த்தச் சாப்பாட்டுக்குப் பிறகு மலை ஏறுகிற வயிறு எனக்கில்லை.)

திரும்புகிற பஸ் ஆறரைக்கு என்றார்கள். ஆறரை என்பது ஒரு நம்பிக்கை மட்டுமே என்று ஏழு மணிக்குத் தெரிந்தது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் மூன்று இளைஞர்கள் ஒரே செல்போனில் தலைகளை முட்டிக்கொண்டு உக்ரைன் யுத்த வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். வயலில் ஒரு டாங்கி போகிறது. ஒரு பொறி. அடுத்த நொடி அதன் மேல்பாகம், பீரங்கிக் குழாயோடு சேர்ந்து, பாட்டில் மூடி மாதிரி ஆகாயத்துக்குப் போகிறது. பத்து டன்னுக்கு மேல் எடையுள்ள மூடி.

"செம மாப்ள! இன்னொரு தடவை போடு" என்றான் ஒருவன்.

பெஞ்சின் மறுகோடியில் மப்ளர் சுற்றியிருந்த பெரியவர் திரும்பாமலே சொன்னார்: "அதுக்குள்ள மூணு பேரு இருந்தாங்க தம்பி."

பையன்கள் போனை இறக்கிவிட்டார்கள்.

பெரியவர் மாஜி மிலிட்டரி. எழுபதுகளின் கடைசியில் சேர்ந்து, டாங்கிப் படையில் பதினெட்டு வருஷம். என்ன வேலை என்று கேட்டேன். "லோடருங்க" என்றார், ஏதோ கோடவுனில் மூட்டை தூக்கியவர் போல சாதாரணமாக.

கிட்டத்தட்ட மூட்டை வேலைதான். அவர் இருந்தது விஜயந்தாவில். 1965-ல் நம் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த, இந்தியாவில் உருவான முதல் டாங்கி. நான்கு பேர். முன்னால் டிரைவர், மேலே கமாண்டர், குறிபார்த்துச் சுட கன்னர், குண்டு எடுத்துக் கொடுக்க லோடர். 105 மில்லிமீட்டர் பீரங்கி. ஒரு ரவுண்டு பதினெட்டிலிருந்து இருபது கிலோ. ஒரு பெரிய கேஸ் அடுப்பளவு இடத்தில் நின்றபடி, வண்டி குதித்துக்கொண்டிருக்கும்போது, கமாண்டர் எந்த வகைக் குண்டு கேட்கிறாரோ அதை உருவி, திருப்பி, பீரங்கியின் வாயில் வைத்துத் தள்ள வேண்டும்.

"விரலை நீட்டித் தள்ளக் கூடாதுங்க. முஷ்டியில தள்ளோணும்" என்று மடக்கிக் காட்டினார். குண்டு உள்ளே போய் உட்கார்ந்ததும் பின்கதவு தானாக அடித்துச் சாத்திக்கொள்ளும். முஷ்டியாக இருந்தால் கதவு கையை வெளியே தட்டிவிடும். நீட்டிய விரலாக இருந்தால்... அவர் தன் பத்து விரல்களையும் விரித்து, "கணக்கு சரியா இருக்குதுங்களா?" என்றார். இருந்தது.

எண்பதுகளின் கடைசியில் அவருடைய ரெஜிமென்ட்டுக்கு டி-72 வந்தது. ரஷ்ய டிசைன், அதுவும் ஆவடியில் தயாரானது. எல்லாரும் புது வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்களாம். இவர் உள்ளே இறங்கித் தன் சீட்டைத் தேடியிருக்கிறார். இல்லை. மூன்றே சீட்.

"எனக்குப் பதிலா மிஷின் உக்காந்திருந்துச்சுங்க."

அந்த மிஷின் எப்படி வேலை செய்கிறது என்பதை டீக்கடைக்காரரின் கம்பிக் கூடையை வாங்கி, அதில் கிளாஸ்களைச் செருகிக் காட்டினார். படுக்கப்போட்ட ராட்டினம் மாதிரி ஒன்று டாங்கியின் தரையில் இருக்கிறது. அதில் 22 அறைகள். ஒவ்வொன்றிலும் கீழே குண்டு, மேலே அதைத் தள்ளுகிற வெடிமருந்து, தனித்தனியாக. கன்னர் வேண்டிய வகையைத் தேர்ந்தெடுத்துப் பொத்தானை அழுத்தினால் ராட்டினம் சுற்றி, சரியான அறையில் நிற்கும். ஒரு லிஃப்ட் அதை மேலே தூக்கும். பீரங்கி தானாக ஒரு குறிப்பிட்ட கோணத்துக்கு வந்து காத்திருக்கும். ஒரு இரும்புக் கை முதலில் குண்டை, பிறகு மருந்தைத் தள்ளும். பழைய தோட்டாவின் அடிப்பாகம் பின்னாலிருக்கும் சின்ன ஜன்னல் வழியே வெளியே எறியப்படும். மொத்தம் ஏறக்குறைய எட்டு செகண்டு. (இது கன்னரின் கையையே பிடித்துத் தின்றுவிடும் என்று ஒரு கதை உலகம் பூரா உலவுகிறது. எல்லா ஊர் ராணுவத்திலும் யாரோ ஒருவருக்குத் தெரிந்த யாரோ ஒருவருக்குத்தான் நடந்திருக்கிறது.)

"நீங்க எத்தனை செகண்டுல போடுவீங்க?" என்று போன் வைத்திருந்த பையன் கேட்டான்.

"மொத நாலு ரவுண்டு மிஷினை ஜெயிச்சிருவேன் தம்பி. பத்தாவது ரவுண்டுல அது ஜெயிச்சிரும். பதினஞ்சாவதுல எனக்கு மூச்சு வாங்கும், அதுக்கு வாங்காது."

நேர்மையான பதில். அமெரிக்க ஏப்ராம்ஸ் டாங்கியில் இன்றும் மனித லோடர்தான். ஏழு செகண்டு என்பது அங்கே பரீட்சைக் கணக்கு. கைதேர்ந்தவன் அதைவிடச் சீக்கிரமே போடுவான். ஆகவே வேகத்தை வைத்து இந்தப் பட்டிமன்றத்துக்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது. பின் எதற்காக ரஷ்யர்கள் ஆளை எடுத்தார்கள்?

இடம். லோடர் நின்றுகொண்டு வேலை பார்ப்பவர். ஒரு ஆள் நிற்க இடம் வேண்டும் என்றால் மேல்பாகம் உயரும், அகலும். அதைச் சுற்றி கனமான கவசம் போட்டாக வேண்டும். ஒரே ஒரு மனிதனுக்காகப் பல டன் இரும்பு. அவனை எடுத்துவிட்டால் வண்டி குள்ளமாகும், லேசாகும், பாலம் தாங்கும். டி-72 நாற்பது டன்னைச் சற்றே தாண்டும். நான்கு பேர் உட்காரும் நம் அர்ஜுன் 58.5 டன், அதன் புது வடிவமான மார்க் 1ஏ 68 டன். நாலாவது ஆளின் வாடகை இது. (வித்தியாசம் முழுவதும் அவர் தலையில் விழாது. கவசம், என்ஜின் எல்லாம் உண்டு.)

நமக்கு இது புதிதும் அல்ல. ஏஎம்எக்ஸ்-13 என்ற பிரெஞ்சு லைட் டாங்கி நம்மிடம் இருந்தது. 1962-ல் விமானத்தில் ஏற்றி லடாக்கின் சூஷுலில் இறக்கினார்கள். 1965-ல் சம்ப் பகுதியில் பாகிஸ்தானின் பேட்டன்களை எதிர்த்து நின்றது. ரிவால்வர் மாதிரி இரண்டு உருளைகள், ஒவ்வொன்றிலும் ஆறு குண்டு. மடமடவென்று சுடும். பன்னிரண்டு தீர்ந்தால்? வண்டியைப் பின்னால் கொண்டுபோய், ஆள் வெளியே இறங்கி உருளையை நிரப்ப வேண்டும். சண்டைக்கு நடுவில் இன்டர்வெல்.

ஆவடியில் வேடிக்கை என்னவென்றால், ஒரே ஊரில் வடகலையும் தென்கலையும் உண்டு. டி-72-வும் பிறகு டி-90-யும் அங்கே தயாரானவை, மிஷின் கட்சி. அதே ஆவடியின் போர் வாகன ஆராய்ச்சி நிறுவனம், 1974-ல் அனுமதி கிடைத்த திட்டத்தில் உருவாக்கிய அர்ஜுன், மனிதக் கட்சி. 2010 மார்ச்சில் இரண்டையும் ராஜஸ்தான் பாலைவனத்தில் ஓடவிட்டு ஒப்பிட்டார்கள். அதற்குப் பிறகு ராணுவம் இன்னும் 124 அர்ஜுன்கள் வாங்க முடிவு செய்தது. ஆனால் எண்ணிக்கையில் மிஷின் கட்சிக்குத்தான் அமோக மெஜாரிட்டி.

"அந்த மூடி ஏன் பெரியப்பா பறக்குது?" என்றான் பையன். (பெரியவர் இரண்டு நிமிஷத்தில் பெரியப்பா ஆகியிருந்தார்.)

பெரியவர் தாம் உட்கார்ந்திருந்த பெஞ்சைத் தட்டினார். "இதுக்கடியில 22 குண்டு, 22 மருந்து. அதுக்கு மேல சீட்டு. சீட்டுல நானு."

அதுதான் விஷயம். எடுத்துக் கொடுப்பது மனிதனா மிஷினா என்பதைவிட, எங்கிருந்து எடுக்கிறார்கள் என்பதில்தான் உயிர் இருக்கிறது. டி-72-ல் ராட்டினத்துக்குள் இருப்பது போக மிச்சக் குண்டுகளும் மருந்தும் உள்ளேயே ஆட்களைச் சுற்றிச் செருகப்பட்டிருக்கும். கவசத்தைத் துளைத்து ஒரு பொறி உள்ளே வந்தால் மருந்து மொத்தமும் பற்றிக்கொள்ளும். அந்த அழுத்தம் போக வேறு வழியில்லாமல் மேல்பாகத்தைத் தூக்கி எறியும். 1991 வளைகுடா யுத்தத்திலேயே உலகம் இதைப் பார்த்தது. 2022-லிருந்து செல்போனில் பார்க்கிறது.

ஏப்ராம்ஸில் பெரும்பாலான குண்டுகள் மேல்பாகத்தின் பின்னால் தனி அறையில் இருக்கும். நடுவில் இரும்புக் கதவு. லோடர் முழங்காலால் ஒரு ஸ்விட்சைத் தட்டினால் திறக்கும், குண்டை எடுத்ததும் மூடிக்கொள்ளும். அறை வெடித்தாலும் அதன் கூரைப் பலகை பிய்த்துக்கொண்டு நெருப்பு ஆகாயத்துக்குப் போகும், ஆட்களிடம் வராது. அர்ஜுனிலும் குண்டுகளுக்குத் தனித்தனி மூடியோடு பெட்டிகள். சரி, அப்படியானால் மனிதக் கட்சிதான் நல்ல கட்சியா? அவசரப்படாதீர்கள். பிரான்சின் லெக்லெர்க்கில் மிஷின்தான் போடுகிறது, 22 குண்டு. ஆனால் மிஷினையே பின்னால் தனி அறையில் வைத்துவிட்டார்கள். மூன்று பேர், மடியில் வெடிமருந்து இல்லை.

போகிற போக்கைப் பார்த்தால் லோடர் உத்தியோகம் மெல்ல மெல்லக் காலியாகும் என்றுதான் தோன்றுகிறது. 130 மில்லிமீட்டர் பீரங்கிகள் வருகின்றன. அந்தக் குண்டை மனிதன் தூக்கித் தூக்கிப் போடுவது நடக்காது. மனிதக் கட்சித் தலைவரான அமெரிக்காவிலேயே 2022-ல் ஏப்ராம்ஸ்-எக்ஸ் என்று ஒரு மாதிரியை மூன்று பேருக்குச் செய்து காட்டினார்கள். லடாக்குக்காக நாம் செய்து 2024 ஜூலையில் வெளியே காட்டிய 25 டன் ஜொராவரிலும் மிஷின்தான் போடுகிறது.

பெரியவரிடம் இதைச் சொன்னேன். கோபித்துக்கொள்வார் என்று பார்த்தால் தலையாட்டினார்.

"குண்டு போடறதை மிஷினு போடட்டுங்க. அதுல எனக்கு வருத்தமில்லீங்க. சாயங்காலம் சண்டை முடிஞ்சு வண்டி நிக்கும் பாருங்க, அப்பத்தான் ஆள் வேணும்."

டாங்கியின் இரும்புச் செயின் கழன்றால் மனிதர்கள்தான் இறங்கிக் கோக்க வேண்டும். இருட்டில், சேற்றில், கடப்பாரையும் சம்மட்டியுமாக. டீசல் பிடிக்க வேண்டும், குண்டு ஏற்ற வேண்டும் - மிஷின் பீரங்கிக்குப் போடுமே தவிர, மிஷினுக்குப் போட ஆள்தான். ராத்திரி காவல் நிற்க வேண்டும். நாலு பேர் என்றால் ஒருவன் முழித்திருக்க மூன்று பேர் தூங்கலாம். மூன்று பேரில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால்? விஜயந்தாவில் ரேடியோ பார்த்ததும் இவர்தான். சுடாத நேரத்தில் தலையை வெளியே நீட்டி இடது பக்கம் பார்க்கிற கூடுதல் ஜோடிக் கண்ணும் இவர்தான்.

"நம்மூரு லாரி கிளீனர் மாதிரின்னு வெச்சுக்கங்க" என்றார்.

நாமக்கல்காரர்களுக்கு இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. கிளி என்று செல்லமாக அழைக்கப்பட்டவன். ரிவர்ஸில் பின்னால் நின்று "வா, வா, வா" என்று பாடியைத் தட்டினவன். தார்ப்பாய் கட்டினவன். பஞ்சருக்கு ஜாக்கி வைத்தவன். ராத்திரி மூன்று மணிக்கு டிரைவர் கண் சொருகும்போது சம்பந்தமில்லாமல் ஏதாவது பேசினவன். இன்று பல லாரிகளில் அந்த சீட் காலி. பவர் ஸ்டீயரிங் வந்துவிட்டது, டியூப் இல்லாத டயர் வந்துவிட்டது, வாடகை கட்டுப்படியாகவில்லை. ஒவ்வொன்றும் நியாயமான காரணம்.

அப்போது அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்துக் கொஞ்சம் தள்ளிப் போனார். டீக்கடைக்காரர் தணிந்த குரலில் சொன்னார்: "பையனுங்க. லாரி ஓட்டறான், அஸ்ஸாம் லோடு. தினம் இந்நேரத்துக்குப் பேசிருவான். அதுக்காகத்தான் இங்க வந்து உக்காந்திருக்கிறாரு, வீட்ல டவர் கிடைக்காது."

என் பஸ் வளைவில் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. ஓடிப்போய் ஏறும்போது பெரியவர் ஒரு காதைப் பொத்திக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார்:

"ஒடிசா தாண்டிட்டியா? எங்க நிறுத்தியிருக்கிற? ரோட்டோரமா? சரி, சக்கரத்துக்குக் கல்லு வெச்சியா? நீயே இறங்கி வெய்யி சாமி, மறந்திராதே."