முட்டையும் மணியும்

முட்டை என்ற சொல்லைத் தலைப்பில் கண்டதுமே நம் நேயர்களில் ஒரு சாரார் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள் என்பதை நாம் அறிவோம். பயம் வேண்டாம். இது தின்பதற்குரிய முட்டை அல்ல, பார்த்து மகிழ்வதற்குரியது. உள்ளே ஒன்றும் இல்லாதது.

செங்கற்பட்டில் நம் அடுத்த வீட்டுக்காரர் கிறிஸ்தவ நண்பர். நம்மைப் போலவே உபாத்தியாயர். சென்ற பங்குனியில் ஈஸ்டர் பண்டிகை நெருங்கிய சமயம், அவருடைய குழந்தைகளும் நம் மகளும் சேர்ந்து முட்டைக்கு மணி பதிக்கப் போவதாக அறிவித்தார்கள். ருமேனியா தேசத்தின் புக்கோவினாப் பிரதேசத்தில் சிறு மணிகளால் முட்டையை அலங்கரிக்கும் கலை ஒன்று உண்டு. அதன் படத்தை எங்கோ பார்த்துவிட்டார்கள்.

முறை எளிதுதான். முட்டையின் இரு முனைகளிலும் ஊசியால் துளையிட்டு, ஒரு புறம் வாயை வைத்து ஊதினால் உள்ளே இருப்பது மறுபுறம் வெளியேறும். ஓட்டைக் கழுவி நன்றாக உலர்த்த வேண்டும். பிறகு மணிகளை மெல்லிய நூலில் கோத்து, கூர்முனையில் சிறிது பசை தடவி, அங்கிருந்து சுருள் சுருளாகச் சுற்றி வர வேண்டும். நாலைந்து சுற்றுக்கு ஒரு தடவை நிறுத்திக் காயவிட வேண்டும். அவசரப்பட்டால் அத்தனையும் வழுக்கிக்கொண்டு வந்துவிடும்.

கணக்கு வாத்தியாராகிய நாம் சும்மா இருப்போமா? 2 மில்லிமீட்டர் மணியானால் முட்டையின் நடுப்பாகத்தில் ஒரு சுற்றுக்கே சுமார் 70 மணி வேண்டும். முழு முட்டைக்கு ஏறக்குறைய 1,700. ஐந்து மாலைப் பொழுதுகள் கழிந்தன. மூன்றாம் நாள் ஒரு மணி நம் சாம்பாரிலும் தரிசனம் தந்தது.

கடைசி மாலையில் நம் மகள் கேட்டாள்: "அப்பா, மாமல்லபுரத்தில் நீங்கள் பேரம் பேசி வாங்கினீர்களே, அந்த மாலையில் எத்தனை மணி இருக்கும்?"

கடற்கரைக் கோயிலுக்குப் போகும் வழியில் நரிக்குறவப் பெண்மணி ஒருவர் 150 ரூபாய் சொன்ன மாலையை 80 ரூபாய்க்கு வாங்கி வந்து, அந்தச் சாமர்த்தியத்தை வீட்டில் பல முறை விவரித்தவர்கள் நாம். எண்ணிப் பார்த்தோம். நானூற்றுக்கு மேல் இருந்தது.

உடனே பேச்சைச் சரித்திரத்துக்குத் திருப்பினோம். புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945-ஆம் வருஷம் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்து ஆராய்ந்ததைச் சொன்னோம். சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அங்கே கண்ணாடிக் குழம்பை நீண்ட குழலாக இழுத்து, துண்டு துண்டாக நறுக்கி, மறுபடி சூடாக்கி விளிம்பை மழுக்கி மணி செய்ததையும், அவ்வகை மணிகள் தென்கிழக்காசிய நாடுகளில் கிடைத்திருப்பதையும் விஸ்தாரமாக எடுத்துரைத்தோம்.

"அதெல்லாம் சரி, அப்பா. அந்த அம்மாளுக்குக் கூலி எவ்வளவு கிடைத்திருக்கும்?" என்றாள் மகள்.

அதற்கு நம்மிடம் விடை இல்லை. மணியை அவர் விலை கொடுத்து வாங்கியிருப்பார். நூலும் கம்பியும் அவர் செலவு. வெயிலில் அலைந்ததும் அவர் செலவுதான். நாம் குறைத்த 70 ரூபாய் வேறு எதிலிருந்து குறைந்திருக்கும்? அவர் விரல்களின் உழைப்பிலிருந்துதான்.

மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் நரிக்குறவர் குடும்பங்கள் வசிக்கின்றன. 2021 தீபாவளியன்று முதலமைச்சராக இருந்த மு.க. ஸ்டாலின் அங்கே நேரில் சென்று வீட்டுமனைப் பட்டாக்களும் சாதிச் சான்றிதழ்களும் வழங்கினார். 2023-இல் தமிழ்நாட்டு நரிக்குறவர் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டனர். சட்டம் தன் பங்கைச் செய்யத் தொடங்கிவிட்டது. ஆனால் சட்டம் கடற்கரையில் நின்று பேரம் பேசுவதில்லை, பேசுகிறவர்கள் நாம்தாம். சுதந்திர தினத்தன்று பள்ளி மேடையில் கைத்தொழிலின் பெருமையைப் பற்றிப் பிரசங்கம் செய்கிறவர்களும் நாம்தாம்.

முட்டை பண்டிகையன்று அடுத்த வீட்டுக் கண்ணாடி அலமாரியில் குடியேறிற்று. மறு வாரம் மகளுடன் மாமல்லபுரம் சென்றோம். அதே பெண்மணி அதே இடத்தில் இருந்தார். இன்னொரு மாலையை எடுத்து விலை கேட்டோம். 150 என்றார். கொடுத்தோம்.

அவர் நோட்டுகளை வெயிலில் தூக்கிப் பிடித்து, ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார்.

"என்ன சாமி, குறைச்சுக் கேக்கலையா?" என்றார்.

"எண்ணிப் பார்த்துவிட்டோம், அம்மா" என்றோம்.