கோவிவனைத் தெரியுமா?



லீவு விட்டால் ஜவ்வாது மலைக்குக் கிளம்புகிறோம். ஜமுனாமரத்தூர், பீமன் அருவி, காவலூர் தொலைநோக்கி எல்லாம் பார்க்கிறோம். மலையிறங்கி செங்கம் வழியாக வரும்போது, அந்த வட்டாரத்து நாய் ஒன்றின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோமா?

அதன் பெயர் கோவிவன். எடுத்தனூர் நடுகல்லில் இருக்கிறது. முதலாம் மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டு; அதாவது ஏழாம் நூற்றாண்டு. எருமைகளை மீட்கும் சண்டையில் கருந்தேவக்கத்தி என்ற வீரன் இறந்துபோனான். அவனுடைய நாய் கள்வரைக் கடித்து, காவல் நின்றது. வீரனைச் செதுக்கிய சிற்பி நாயையும் செதுக்கினான். பெயரையும் வெட்டிவைத்தான்.

பேரரசன் பெயர் உள்ள அதே கல்லில் ஒரு நாயின் பெயர்! யாருக்குத் தோன்றியிருக்கும் இது?

எருமைதானே என்று நினைக்காதீர்கள். பால், தயிர், நெய் எல்லாம் அதை நம்பித்தான். இன்று பீரோவில் பூட்டிவைக்கும் நகை மாதிரி. அதைக் காத்த நாயை ஊர் எப்படி மறக்கும்?

நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் பால்ட்டோ என்ற நாய்க்குச் சிலை உண்டு. 1925-ல் அலாஸ்காவின் நோம் நகரில் தொண்டை அடைப்பான் பரவியபோது, பனியில் மருந்து கொண்டுபோன கடைசி வண்டியை முன்னால் நின்று இழுத்த நாய். அதே ஆண்டு டிசம்பரில் சிலை வைத்துவிட்டார்கள். கார்ட்டூன் படம் பார்த்த பிள்ளைகளுக்குப் பால்ட்டோவைத் தெரியும். பக்கத்து ஊர் கோவிவனைத் தெரியாது. தப்பு பிள்ளைகள் மேல் இல்லை.

தெருநாய்க்கடிக்கு ஊசி போட்டுக்கொண்டு வந்தவரிடம் இதைச் சொன்னால் கோபம்தான் வரும். அது நியாயமும்கூட. நாயைக் கொண்டாடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. நான் கேட்பது கல்லுக்காக.

செங்கம் பக்கம் நடுகற்களை வேடியப்பன் என்று இன்றும் கும்பிடுகிறார்கள். அந்த வழிபாட்டால்தான் பல கற்கள் தப்பின. ஆனால் சில இடங்களில் பக்தி மிகுந்து எனாமல் பெயின்ட் அடித்துவிடுகிறோம், எழுத்து மூடிப்போகிறது. வேறு சில ஊர்களில் அதுவே துணி துவைக்கும் கல்.

உங்கள் ஊர் எல்லையிலும் அப்படி ஒன்று சாய்ந்து கிடக்கிறதா? பெயின்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன் ஒரு போட்டோ எடுங்கள். வட்டாட்சியர் அலுவலகத்திலோ தொல்லியல் துறையிலோ சொல்லுங்கள். எங்களுக்கும் அனுப்புங்கள்.

அப்படியே வீரனின் காலடியையும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஒரு வால் தெரியலாம்.

அன்புடன்,
ஆசிரியர்