ஏட்டில் ஏறாத சாவுகள்

"விதி முடிந்தது, போய்விட்டான்!" என்கிறார் பூசாரி. "நெஞ்சுச்சளி" என்கிறது ஊர். "மூச்சுத்திணறல்" என்கிறது ஏடு. நாற்பது வயதிலே மாண்ட கல்லுடைக்கும் தொழிலாளிக்கு மூன்று விடைகள்! மூன்றிலும் இல்லாத சொல் ஒன்று உண்டு. தூசி!

கல்லை உடைக்கையில், துளையிடுகையில், அரைக்கையில் எழும் சிலிக்காத் துகள், கண்ணுக்குப் புலப்படாத நுண்மை உடையது. மூச்சோடு புகுந்து நுரையீரலின் அடியாழத்தில் தங்கும். தங்கிய இடத்தில் தழும்பேறும். தழும்பு வளர வளர மூச்சு சுருங்கும். காசநோய்க்கும் கதவு திறக்கும். சிலிக்கோசிஸ் என்பது அதன் பெயர். தழும்பை அகற்றும் மருந்து இன்றுவரை இல்லை. ஆனால், தடுக்க வழியுண்டு. தண்ணீர் பாய்ச்சித் துளையிடலாம், தூசியை உறிஞ்சும் பொறி வைக்கலாம். அந்தச் செலவை மிச்சம் பிடித்தவன் செய்த வினைக்கு, செத்தவனின் முன்வினை பொறுப்பாம்!

கோலார் தங்கவயலை எண்ணிப் பாருங்கள். வடஆற்காட்டிலிருந்து பிழைக்கச் சென்ற தமிழர்கள் பூமியின் வயிற்றைக் கிழித்துப் பொன் எடுத்தனர். 1940 முதல் 1946 வரை 7,653 தொழிலாளரைச் சோதித்தபோது, நூற்றுக்கு 43-க்கும் மேற்பட்டோரிடம் இந்நோய் காணப்பட்டது. சோதித்ததால் தெரிந்தது! சோதிக்காத இடங்களில்? அங்கே நோயில்லை என்று பொருளல்ல தோழர்களே, கணக்கில்லை என்று பொருள்!

சட்டம் இல்லையா? உண்டு. இந்நோயைக் கண்ட மருத்துவர் அரசுக்கு அறிவித்தாக வேண்டும் என்றது 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம். 2020-ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டமும் அதையே கூறுகிறது. ஆனால், அதே 2020-இல் இந்நாட்டில் பதிவான சாவுகளில், மருத்துவர் காரணம் காட்டிச் சான்றளித்தவை நூற்றுக்கு 22.5 மட்டுமே! பள்ளிக்கு ஒரு நாள் வராத பையனிடம் காரணம் கேட்கிறோம். இனி வரவே மாட்டாத அவன் தந்தைக்குக் காரணம் கேட்பார் இல்லை.

இறப்பு அறிக்கையில் 'தொழில்' என்றொரு கட்டம் உண்டு. 'கூலி' என்று இரண்டெழுத்தால் அதை நிரப்பிவிட்டால் போதுமா? எந்தக் கூலி? நெல் அறுத்த கூலியா, கல் அரைத்த கூலியா? எத்தனை ஆண்டு?

நம் லால்குடி வட்டத்துக் கல்லக்குடியில், 1953-இல், ஊரின் பெயருக்காகத் தண்டவாளத்தில் தலைவைத்துப் படுத்தனர். பெயரின் அருமை அறிந்த மண் இது! உயிர் பறித்த நோய்க்கும் அதன் பெயரைச் சூட்டக் கேட்க வேண்டாமா?

"கேட்டால் கிடைக்குமா?" என்பாருக்குக் கோத்ரா விடை கூறும். மத்தியப் பிரதேசப் பழங்குடியினர், குசராத்தின் கோத்ராப் பகுதியில் படிகக்கல் அரைக்கும் ஆலைகளில் உழைத்து, மூச்சிழந்து, ஊர் திரும்பி மாண்டனர். தொண்டர்கள் ஊர் ஊராகச் சென்று கணக்கெடுத்தனர். 238 குடும்பங்களுக்குத் தலா 3 இலட்சம் ரூபாய் வழங்கத் தேசிய மனித உரிமை ஆணையம் 2010-இல் பரிந்துரைத்தது. 2016-இல் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. இராசத்தான் அரசோ 2019-இல் தனிக் கொள்கையே வகுத்து, சான்று பெற்ற நோயாளிக்கு 3 இலட்சம், அவர் மாண்டால் குடும்பத்துக்கு 2 இலட்சம் என்றது. எண்ணப்பட்ட பிணம் வழக்காடும். எண்ணப்படாத பிணம் எரிந்து சாம்பலாகும்!

இளைஞர்களே! சாவு வீட்டில் மாலை வைத்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். என்ன வேலை, எந்த இடம், எத்தனை ஆண்டு, மார்புப் படம் எடுத்ததுண்டா என்று கேளுங்கள். 21 நாளுக்குள் பதிவு செய்யவேண்டுமே, அந்தக் குடும்பத்தோடு உடன் செல்லுங்கள். 'கூலி' என்று எழுதும் பேனாவைத் தடுத்து, 'கல் அரைவை ஆலையில் பதினைந்து ஆண்டு' என்று உள்ளதை உள்ளபடி எழுதச் சொல்லுங்கள். கல் வேலை செய்து இருமுவோரை இன்றே மார்புச் சோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

சித்திரகுப்தன் ஏட்டை நம்புவோர் நம்பட்டும். நாம் எழுதும் ஏடு நீதிமன்றத்தில் நிற்கும்!