மூன்று வாக்குப் பெற்ற பாட்டு

1974-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் தேதி இரவு, இங்கிலாந்தின் கடற்கரை நகரமாகிய பிரைட்டனில், 17 தேசங்கள் கலந்துகொண்ட யூரோவிஷன் பாட்டுப் போட்டியில், சுவீடனின் ஆபா குழுவினர் ‘வாட்டர்லூ’வைப் பாடி முதலிடத்தோடு உலகக் கீர்த்தியையும் அடைந்தார்கள் என்பது பலரும் அறிந்த சங்கதி. ஆனால் அதே மேடையில் போர்ச்சுகலின் பிரதிநிதியாக நின்று பாவ்லு டி கார்வால்யு பாடிய ‘ஈ டெபோய்ஷ் து அதேயுஷ்’ என்ற பாட்டு என்ன கதியடைந்தது என்று விசாரிப்பவர் அபூர்வம். தேசத்துக்குப் பத்து நடுவர்கள், ஆளுக்கொரு வாக்கு, சொந்த நாட்டுக்கு அளிக்கலாகாது என்பது அன்றைய விதி. பிற தேசங்களின் 160 பேரில் மூவரே அந்தப் பாட்டை விரும்பினார்கள். வேறு மூன்று தேசங்களோடு அது கடைசி ஸ்தானத்தைப் பகிர்ந்துகொண்டது.

காதல் முறிந்தபின் தனித்து நிற்கும் ஒருவனின் ஏக்கமே அந்தப் பாட்டு. அரசியலின் வாடைகூட அதில் கிடையாது. போர்ச்சுகலோ அப்போது அரை நூற்றாண்டுக்குச் சற்றே குறைந்த காலமாகச் சர்வாதிகாரத்தின் கீழ் வாய்பொத்திக் கிடந்தது. 1961-இல் கோவாவை இழந்தும் புத்தி தெளியாத அந்த ஆட்சி, ஆப்பிரிக்கக் காலனிகளை விடமாட்டேன் என்று 13 வருஷமாக யுத்தம் நடத்தி, வாலிபர்களைப் பலிகொடுத்துக்கொண்டிருந்தது. யுத்தத்தில் மனம் கசந்த இளம் ராணுவ அதிகாரிகள் ரகசியமாகக் கூடிக் கிளர்ச்சிக்குத் திட்டமிட்டபோது, வெவ்வேறு படைவீடுகளில் இருப்பவர்களுக்கு ஒரே கணத்தில் எட்டும்படி ஒரு சமிக்ஞை அவர்களுக்கு வேண்டியிருந்தது. எதிர்ப்புப் பாடகரென்று பெயரெடுத்த ஜோஸே அஃபோன்ஸோவின் தடைசெய்யப்பட்ட பாட்டு எதையேனும் ஒலிபரப்பினால் உடனே சந்தேகம் எழுமாதலால், பிரைட்டனில் தோற்றுத் திரும்பிய இந்தக் காதல் பாட்டே அதற்கு உகந்ததாயிற்று.

ஏப்ரல் 24 இரவு, 10 மணி 55 நிமிஷம். லிஸ்பன் வானொலி நிலையமொன்றில் அறிவிப்பாளர் நேரத்தைச் சொல்லி, பாடகரின் பெயரைச் சொல்லி, இசைத்தட்டைச் சுழலவிட்டார். வீட்டில் சாய்ந்திருந்து கேட்டவர்களுக்கு அது பதினெட்டு நாளைக்கு முன் தோற்றுப்போன பாட்டு. ரேடியோப் பெட்டியருகே காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்த அதிகாரிகளுக்கோ, ஆயத்தமாகுங்கள் என்ற கட்டளை. நள்ளிரவு கடந்து 20 நிமிஷத்தில் அஃபோன்ஸோவின் ‘கிராண்டுலா, வீலா மொரேனா’ இரண்டாவது சமிக்ஞையாக ஒலித்தது. மறுநாள் மாலை பிரதமர் கைதானோ சரணடைந்தார். ஜனங்கள் சிப்பாய்களின் துப்பாக்கிக் குழல்களில் கார்னேஷன் பூக்களைச் செருகினார்கள்.

அடுத்த வருஷம் ஸ்டாக்ஹோமில் நடந்த அதே போட்டிக்குப் போர்ச்சுகல் அனுப்பிய பாட்டு விடியலைப் பற்றியது. அதைப் பாடிய டுவார்ட்டே மெண்டிஷ், கிளர்ச்சியில் பங்குகொண்ட ராணுவ அதிகாரி. 19 பாட்டுகளில் அதற்கு 16-ஆம் இடம். அந்தப் பாட்டின் நேர்மையை மதிக்கிறோம். ஆயினும் தன் தேசத்துக்கு மெய்யான பிரதிநிதியாக நின்றது, புரட்சியென்ற நினைவே இல்லாமல் எழுதப்பட்ட முந்தைய வருஷத்துப் பாட்டுத்தான் என்பதே எமது அபிப்பிராயம்.

ஜனரஞ்சகமான காதல் பாட்டுகளுக்கு இவ்விதழில் நாம் இதுவரை இடம் ஒதுக்கியதில்லை. அவை விமர்சனத்துக்கு உரியவையல்ல என்று எண்ணியிருந்தது பிழை. அடுத்த இதழிலிருந்து அவற்றுக்கும் பக்கங்கள் உண்டு. இசையும் சரித்திரமும் அறிந்த வாசகர்கள் கட்டுரை எழுதி அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறோம்.